லண்டன் புனித யோவான் சபை அருங்காட்சியகம்: முறையாகச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டன் நகரின் கிளார்க்கன்வெல் பகுதியில், செயின்ட் ஜான்ஸ் கேட் எனப்படும் பழைய வாயிற்கட்டடத்துக்குள் புனித யோவான் சபையின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பிரிட்டிஷ் மியூசியத்தைப் போல நாள் முழுவதும் அலைய வைக்கும் இடமன்று இது. வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தவர்கள் ஒரு போர்க்கவசம், ஒரு பீரங்கி, ஓர் ஆம்புலன்ஸ் சீருடை ஆகியவற்றைப் பார்த்ததாகச் சொல்வார்களே தவிர, இவை ஏன் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்று கேட்டால் பதில் வராது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்ப்பதுதான் இந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கும் முறை என்பது என் கருத்து. கீழே உள்ள வரிசையும் அதற்கேற்ப அமைக்கப்பட்டதே.

தமிழ் வாசகருக்கு இந்தச் சபை முற்றிலும் அந்நியமானதும் அன்று. தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் முதலுதவிச் சான்றிதழுக்காகத் தேடிச் செல்லும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு இந்தக் கட்டடத்தில் பிறந்ததுதான். அச்சான்றிதழில் காணப்படும் எட்டு முனைச் சிலுவையை இங்கே கல்லிலும் வெள்ளியிலும் துணியிலும் திரும்பத் திரும்பக் காணலாம்.

முதல் படி: புறப்படுவதற்கு முன் வரலாற்றைப் படித்துக்கொள்ளுதல்

காட்சிக்கூடத்தில் உள்ள விளக்கக் குறிப்புகள் சுருக்கமானவை. பெயர்களும் ஊர்களும் முன்பே தெரிந்திருந்தால்தான் அவை பேசும். ஆகவே பின்வரும் கதையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டு செல்வது நல்லது.

இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெருசலேமுக்கு வரும் யாத்திரிகர்களுக்காக அங்கே ஒரு விடுதியையும் மருத்துவமனையையும் ஏற்படுத்தினார்கள். அதை நடத்திய ஜெரார்டு என்பவரின் குழுவை 1113ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கல் தனித் துறவற சபையாக ஏற்று ஆணை வெளியிட்டார். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைக் கைப்பற்றியது 1099இல், மருத்துவமனையோ அதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்தது. அதாவது, முதலில் வந்தது படுக்கையும் கஞ்சியும்; வாள் பின்னால்தான் வந்தது. 12ஆம் நூற்றாண்டு நடுப்பகுதிக்குள் சபையினர் கோட்டைகளைக் காத்துப் போரிடும் வீரத்துறவியராகவும் மாறிவிட்டிருந்தனர். ஆனால் மருத்துவப் பணியைக் கைவிடவில்லை.

ஜெரார்டுக்குப் பின் தலைமை ஏற்ற ரேமண்ட் டு புய் வகுத்த ஒழுங்கு விதிகள், நோயாளியைத் தலைவராகக் கருதி, துறவியர் உண்பதற்கு முன்பே அவருக்கு அன்றாடம் உணவளிக்க வேண்டும் என்று கூறுகின்றன. 1182ஆம் ஆண்டின் விதிகள் இன்னும் நுணுக்கமானவை: நான்கு மருத்துவர்களை அமர்த்த வேண்டும், படுக்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விரிப்பும் போர்வையும் இருக்க வேண்டும், நோயாளி கழிப்பிடம் சென்று வர ஆட்டுத்தோல் மேலங்கியும் காலணியும் தர வேண்டும், பெண் யாத்திரிகர்களின் குழந்தைகளுக்குத் தனித் தொட்டில்கள் வேண்டும் என்றெல்லாம் அவை பட்டியலிடுகின்றன. நோயாளிக்கு இரவில் குளிருமே என்று யோசித்துச் சட்டம் எழுதிய மனிதர்களே பாலஸ்தீனத்தின் ஹத்தீன் போர்க்களத்திலும் நின்றார்கள் என்பதுதான் இந்தச் சபையின் புதிர். அந்த மருத்துவமனையில் முஸ்லிம்களும் யூதர்களும்கூடச் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

1187இல் ஹத்தீன் போரில் வென்ற முஸ்லிம் சுல்தான் சலாகுத்தீன், சிறைப்பட்ட வீரத்துறவியரைக் கொல்லச் செய்தார். அதே ஆண்டில் ஜெருசலேம் அவர் வசமானபோதோ, நோயாளிகளைக் கவனித்துக்கொள்வதற்காகச் சபையினர் பத்துப் பேர் ஓராண்டு அங்கேயே தங்க இசைந்தார். சபையின் இரு முகங்களையும் அவர் தனித்தனியே எடை போட்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது. பின்னர் சபை ஏக்கர் நகருக்கும், அது 1291இல் வீழ்ந்ததும் சைப்ரஸுக்கும், அதன்பின் ரோட்ஸ் தீவுக்கும் இடம்பெயர்ந்தது. 1522இல் உதுமானியப் பேரரசர் சுலைமான் ரோட்ஸை முற்றுகையிட, ஆறு மாதப் போருக்குப் பின் அதையும் இழந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530இல் மால்டாவை வழங்கினார். ஆண்டுக்கு ஒரு வல்லூறு மட்டுமே அதற்கான திறை. 1565இல் மால்டாவின் பெரும் முற்றுகையைத் தாங்கிய சபை, 1798இல் நெப்போலியனிடம் அந்தத் தீவைச் சண்டையின்றியே விட்டுக்கொடுத்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது படி: நாளையும் சுற்றையும் தேர்ந்தெடுத்தல்

காட்சிக்கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் வாயிலின் மேல்மாடி அறைகளைப் பார்க்க வேண்டுமானால் வழிகாட்டியுடன் செல்லும் சுற்றில் சேர வேண்டும். அந்தச் சுற்று எல்லா நாள்களிலும் நடப்பதில்லை; அதற்கு நன்கொடை எதிர்பார்க்கப்படும். சடங்குகளும் கூட்டங்களும் இன்றும் நடக்கும் கட்டடம் என்பதால் சில அறைகள் முன்னறிவிப்பின்றியும் மூடப்படலாம். ஆகவே செல்லும் வாரத்தில் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொண்டு, முடிந்தால் சுற்றுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சுற்று இல்லாத நாளில் சென்றால் பாதி அருங்காட்சியகத்தைத்தான் பார்ப்பீர்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் பயணத் திட்டத்தையே சுற்று நாளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டாலும் தவறில்லை என்பேன்.

மேல்மாடிக்கும் நிலவறைக்கும் படிக்கட்டுகள் உண்டு; அவற்றுள் ஒன்று குறுகலான சுருள் படிக்கட்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களையோ தள்ளுவண்டிக் குழந்தையையோ அழைத்துச் செல்பவர்கள், எந்தப் பகுதி வரை சிரமமின்றிச் செல்ல முடியும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நலம். பெரிய பயணப் பைகளைத் தூக்கிக்கொண்டு செல்ல வேண்டாம். மொத்தமாக இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது படி: வந்து சேருதல்

அருகில் உள்ள நிலையம் ஃபாரிங்டன். ஈஸ்ட்ஹாமில் இருந்து வருபவர்கள் ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலிலும், ஹாரோ, வெம்ப்ளி பார்க் பகுதியினர் மெட்ரோபாலிட்டன் ரயிலிலும், இல்ஃபோர்டு பகுதியினரும் ஹீத்ரோ விமான நிலையத்தில் இருந்து வருபவர்களும் எலிசபெத் ரயிலிலும் வேறு வண்டி மாறாமலே வந்து இறங்கலாம். நிலையத்தை விட்டுக் கௌகிராஸ் தெருவில் கிழக்கு நோக்கி நடந்து, செயின்ட் ஜான் தெருவில் இடப்புறம் திரும்பினால், சற்றுத் தொலைவில் இடப்பக்கமாகச் செயின்ட் ஜான்ஸ் லேன் பிரியும். அந்தச் சந்தின் முடிவில் வாயில் தெரியும். வடக்கே கிளார்க்கன்வெல் சாலை வழியாகவும் வரலாம். ஆனால் தெற்கிலிருந்து வந்தால்தான், ஸ்மித்ஃபீல்டு பக்கமிருந்து இங்கிருந்த சபையின் மடத்துக்கு வந்த இடைக்கால விருந்தினர்கள் கண்ட கோணத்தில் வாயிலை நீங்களும் காண்பீர்கள்.

நான்காவது படி: உள்ளே நுழையாமல் வெளியே பத்து நிமிடம்

பெரும்பாலோர் வளைவுக்குள் நுழைந்ததும் வலமோ இடமோ கதவைத் தேடுகிறார்கள். சற்றுப் பொறுங்கள். இந்த வாயில், மடத்தின் தலைவராக இருந்த தாமஸ் டாக்ரா 1504இல் கட்டியது. மடம் அதைவிட மிகப் பழையது: ஜோர்டன் டி பிரிசெட் என்ற நிலவுடைமையாளர் 1140களில் நிலம் வழங்க, ஆங்கிலேய நாட்டில் சபையின் தலைமையிடம் இங்கே உருவாயிற்று. இது ஜெருசலேமைப் போன்ற பெரிய மருத்துவமனையாக இருந்திருக்கும் என்று வருபவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் இதன் முதன்மையான வேலை நிர்வாகம்: நாடெங்கும் சபைக்கு இருந்த நிலங்களின் வருவாயைத் திரட்டி, அதில் ஒரு பங்கைக் கிழக்கே இருந்த மருத்துவமனைக்கும் கோட்டைகளுக்கும் அனுப்பி வைப்பது. யார்க்ஷயர் உழவரின் குத்தகைப் பணம் ரோட்ஸ் நோயாளியின் கிண்ணத்தில் உணவாக விழுந்த வழி இந்த வளைவின் ஊடாகத்தான் சென்றது.

அந்தச் செல்வமே வினையையும் கொண்டுவந்தது. மடத்தின் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ் அரசின் பொருளாளராகவும் இருந்து, ஆளுக்கு இவ்வளவு என்று விதித்து மக்கள் வெறுத்த தலைவரிக்கு முகமாகிவிட்டார். 1381ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியில் மடம் தீக்கிரையானது. ஹேல்ஸைப் பிடித்து டவர் ஹில் மேட்டில் தலையை வெட்டினார்கள். இப்போது நீங்கள் காணும் வாயில் அதற்குப் பிந்திய மறுகட்டுமானக் காலத்தின் நிறைவு. முகப்பின் கற்களில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கூர்மையாக, மழுங்காமல் தெரியும் செதுக்கல்களைக் கண்டு 500 ஆண்டுப் பழைமை என்று வியக்க வேண்டியதில்லை. வளைவின் உட்கூரையை நிமிர்ந்து பாருங்கள். விலா வளைவுகள் சந்திக்கும் இடத்தில், சபையின் பாதுகாவலரான திருமுழுக்கு யோவானின் அடையாளமான ஆட்டுக்குட்டி செதுக்கப்பட்டிருக்கும்.

ஐந்தாவது படி: சபையின் காட்சிக்கூடம்

இங்கே கண்ணை முதலில் இழுப்பவை கவசங்களும் ஆயுதங்களுமே. ரோட்ஸை இழந்த சபைக்கு எட்டாம் ஹென்றி மன்னர் அளித்த வெண்கலப் பீரங்கிகளுள் ஒன்று இங்கே உள்ளது. சைப்ரஸின் ஃபாமகுஸ்தா துறைமுகத்தில் கடலடியில் கிடந்து மீண்ட அந்தக் குழலில் அரச முத்திரையைத் தேடிப் பாருங்கள். பிற்காலத்தில் சபையின் சொத்து முழுவதையும் பறித்துக்கொண்டவரும் இதே ஹென்றிதான். கொடுத்த கைக்கும் பறித்த கைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு வியாழவட்டமே, அதாவது பன்னிரண்டு ஆண்டே, இடைவெளி.

ஆனால் என்னைக் கேட்டால், பீரங்கிக்கு ஐந்து நிமிடமும் மருந்துச் சாடிகளுக்குப் பதினைந்து நிமிடமும் தருவேன். வெண்ணிறப் பூச்சின் மேல் நீலமும் மஞ்சளும் தீட்டிய இந்த மயோலிக்கா மண்சாடிகள் மருந்தக அலமாரியில் வரிசையாக நின்றவை. இவ்வகைச் சாடிகளில் சிலவற்றின் இடை சற்று உள்வாங்கியிருக்கும்: நெருக்கமாக அடுக்கிய வரிசையிலிருந்து ஒரு கையால் பற்றி எடுப்பதற்கான ஏற்பாடு அது. வாய் விளிம்பு சற்று வெளியே நீண்டிருப்பது, தோலையோ துணியையோ மூடி நூலால் கட்டினால் நழுவாமல் இருப்பதற்காக. நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியின் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாடியின் மேல் எழுதியிருக்கும் மருந்தின் பெயர் பெரும்பாலும் லத்தீன் சுருக்கமாக இருக்கும். அருகில் உள்ள குறிப்பைப் படித்து, அது களிம்பா, பாகா, உலர்ந்த வேரா என்று கண்டறிய முயலுங்கள்.

மால்டாவின் வல்லெட்டா நகரில் சபை நடத்திய சாக்ரா இன்ஃபெர்மேரியா மருத்துவமனையின் பெருங்கூடம் ஏறத்தாழ 155 மீட்டர் நீளமுடையது. அங்கே நோயாளிகளுக்கு வெள்ளிப் பாத்திரங்களில் உணவு பரிமாறினார்கள். நோயாளியே தலைவர் என்ற பழைய விதியின் மரியாதையும், மண்பாத்திரத்தைவிட வெள்ளியைத் தூய்மையாக வைத்துக்கொள்வது எளிது என்ற நடைமுறை அறிவும் அதில் சேர்ந்திருந்தன. நெப்போலியனின் படை அந்த வெள்ளியில் பெரும்பகுதியை உருக்கிவிட்டது. காட்சிக்கூடத்தில் வெள்ளிப் பொருள் எதையேனும் கண்டால், அது எதிலிருந்து தப்பி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சபையின் சேகரிப்பில் 1504ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோட்ஸ் திருப்பலி நூல் ஒன்று உண்டு. கையால் எழுதி வண்ணப்படங்கள் தீட்டிய இந்நூலின் முன் புதிய வீரர்கள் வாக்குறுதி எடுத்துக்கொண்டார்கள் என்பது மரபு. வெளிச்சம் ஏட்டைக் கெடுக்கும் என்பதால் இத்தகைய நூல்களை எப்போதும் விரித்து வைத்திருக்க மாட்டார்கள். அன்று காட்சியில் இருந்தால் தவறவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. சிலுவைப் போர்களைப் பற்றிய பொருள்கள் இயல்பாகவே ஒரு தரப்பின் கண்கொண்டு சேர்க்கப்பட்டவை. அரபுத் தரப்பிலும் உதுமானியத் தரப்பிலும் எழுதப்பட்டவற்றைப் பின்னர் தேடிப் படித்தால்தான் அந்தப் போர்களின் படம் நிறைவடையும்.

ஆறாவது படி: மேல்மாடி அறைகள்

வழிகாட்டி உங்களை டியூடர் காலத்து ஓக் மரச் சுருள் படிக்கட்டின் வழியே அழைத்துச் செல்லக்கூடும். படிகளின் தேய்மானத்தைக் கவனியுங்கள். மேலே நீங்கள் காணும் பேரவைக் கூடம் முதலியவற்றின் மரவேலைப்பாடும் கேடயச் சின்னங்களும் இடைக்காலத்தவை போலத் தோன்றினாலும், பெரும்பாலும் விக்டோரியா காலத்திலும் அதை அடுத்தும் அமைந்தவை. இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். தங்களை ஒரு பழைய மரபின் வாரிசுகளாகக் காட்டிக்கொள்ள 19ஆம் நூற்றாண்டினர் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு இந்த அறைகளே சாட்சி.

1540இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தில் சபையைக் கலைத்தார். மேரி அரசி மீட்டளித்ததை எலிசபெத் அரசி மீண்டும் எடுத்துக்கொண்டார். அதன்பின் இந்த வாயில் கண்ட வாழ்க்கை வேறு. அரசவைக் கேளிக்கைகளின் அதிகாரியும் நாடகத் தணிக்கையாளருமான எட்மண்ட் டில்னியின் அலுவலகம் இந்த வளாகத்தில் இயங்கியது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பலவும் அவர் ஒப்புதலுக்கு உட்பட்டவையே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓவியர் ஹோகார்த்தின் தந்தை இங்கே லத்தீனில் பேசுவோருக்காக ஒரு காபிக் கடை திறந்து, எதிர்பார்த்தபடியே நொடித்துப்போய்க் கடன் சிறைக்குச் சென்றார். 1731இல் எட்வர்டு கேவ் தொடங்கிய ஜென்டில்மேன்ஸ் மேகசின் இந்த வாயிலிலிருந்துதான் வெளிவந்தது. அதன் அட்டையில் வாயிலின் படமே இருந்தது. இளம் சாமுவேல் ஜான்சன் அதில் எழுதிப் பிழைத்தார். நாடாளுமன்ற விவாதங்களை அச்சிடத் தடை இருந்ததால், கலிவரின் பயணங்கள் கதையில் வரும் லில்லிபுட் நாட்டு மன்றத்தில் நடந்தவை என்ற வேடத்தில் அவற்றை அவர் எழுதித் தள்ளினார்.

மத்தியகால சபைக்கும் இன்றைய பிரிட்டிஷ் சபைக்கும் நடுவில் அறுந்த கயிறு ஒன்று இருக்கிறது என்பதை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ரோமில் இன்றும் இயங்கும் மால்டா சபையே பழைய துறவற சபையின் நேர்த் தொடர்ச்சி. லண்டன் அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் புதிதாகத் திரண்டு, 1874இல் இந்த வாயிலைக் கைக்கொண்டு, 1888இல் விக்டோரியா அரசியின் சாசனத்தால் அங்கீகாரம் பெற்றது.

ஏழாவது படி: சாலையைக் கடந்து நிலவறைக்கு

1870களில் வெட்டிய கிளார்க்கன்வெல் சாலை மடத்து வளாகத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது. வாயில் தெற்கிலும் தேவாலயம் வடக்கிலும் நிற்கின்றன. வாகனங்களைக் கவனித்துச் சாலையைக் கடந்ததும் தரையைப் பாருங்கள். செயின்ட் ஜான்ஸ் சதுக்கத்தின் தளத்தில் பதித்த கற்கள் ஒரு பெரிய வட்டத்தின் வில்லைக் காட்டும். ஜெருசலேமின் திருக்கல்லறைக் கோயிலை நினைவூட்டும் வகையில் வட்டமாகக் கட்டிய பழைய தேவாலயத்தின் சுவடு அது. 1185இல் ஜெருசலேம் மறைமுதல்வர் ஹெராக்லியஸ் அதை அர்ப்பணித்தார். அவர் வந்த காரியம் வேறு: சலாகுத்தீனுக்கு எதிராக இரண்டாம் ஹென்றி மன்னரின் உதவியைக் கேட்க. உதவி கிடைக்கவில்லை, இரண்டே ஆண்டுகளில் ஜெருசலேம் வீழ்ந்தது.

தேவாலயத்தின் மேற்பகுதி 1941இல் விழுந்த குண்டுகளில் எரிந்து, 1950களில் மீண்டும் கட்டப்பட்டது. அதில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. நிலவறைதான் இந்தப் பயணத்தின் உச்சம். லண்டனில் எஞ்சியிருக்கும் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றின் உள்ளே நிற்கிறீர்கள். மேற்குப் பகுதியில் வளைவுகள் அரைவட்டமாகவும் விலாக்கள் தடித்தும் இருக்கும். கிழக்கே செல்லச் செல்ல வளைவின் உச்சி கூர்மையாகிவிடும். முன்னது 1140களின் நார்மன் பாணி, பின்னது 1180களை ஒட்டிய தொடக்ககால காதிக் பாணி. சில எட்டுகளில் ஒரு தலைமுறையின் கட்டடக்கலை மாற்றத்தைக் கடந்துவிடலாம் என்பதால், மேற்கிலிருந்து கிழக்காக ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள்.

இரண்டு கல்லறைச் சிற்பங்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளியேற வேண்டாம். ஒன்று, ஸ்பெயினின் வய்யடோலிட் பேராலயத்திலிருந்து வந்த, அலபாஸ்டர் என்ற வெளிர்நிற மென்கல்லாலான சிற்பம். காஸ்டில் பகுதி வீரர் ஹுவான் ரூயிஸ் டி வெர்காராவினுடையது. மார்புக் கவசத்தில் எட்டு முனைச் சிலுவை துலங்க, ஏவல் சிறுவன் அருகே உறங்க, அவர் அமைதியாகப் படுத்திருக்கிறார். மற்றொன்று, கலைக்கப்பட்ட மடத்தின் கடைசித் தலைவர் வில்லியம் வெஸ்டனுடையது. எலும்பும் தோலுமாகச் சதை வற்றிய பிணமாகவே அவரைச் செதுக்கியிருக்கிறார்கள். சபையைக் கலைத்த அதே 1540ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இறந்தார். உடல் அழியும் என்பதை நினைவூட்ட அக்காலத்தில் இவ்வாறு செதுக்குவது வழக்கமே. இருந்தாலும் இந்த மனிதரின் விஷயத்தில் அந்த வடிவம் கூடுதலாகப் பொருந்திவிட்டது.

குழந்தைகளோடு சென்றால் சொல்ல இங்கே ஒரு கதையும் உண்டு. 1762இல் அருகிலுள்ள காக் லேனில் ஒரு பேய் தட்டித் தட்டிப் பேசுவதாக லண்டனே பரபரத்தது. தன் உடல் அடக்கமான இந்த நிலவறைக்கு வந்தால் சவப்பெட்டியைத் தட்டிக் காட்டுவதாகப் பேய் வாக்களித்ததாம். சாமுவேல் ஜான்சன் உள்ளிட்ட குழுவினர் நள்ளிரவில் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. எல்லாம் புரட்டு என்று அறிக்கை எழுதினார்கள்.

மேலே வந்ததும் தேவாலயத்தை ஒட்டிய தோட்டத்தில் மருத்துவ மூலிகைகளைப் பார்த்தபடி சற்று உட்காரலாம்.

எட்டாவது படி: ஆம்புலன்ஸ் காட்சிக்கூடத்தைக் கடைசியாக வைத்தல்

வாயிலுக்குத் திரும்பி வந்து இதைப் பாருங்கள். காலவரிசைக்கு அதுவே பொருத்தம். தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் ரயில் பாதைகளிலும் அடிபட்டவர்கள், மருத்துவர் வருவதற்குள் உயிரிழந்த காலத்தில், பொதுமக்களுக்கே முதலுதவி கற்பிக்கலாம் என்ற எண்ணத்தோடு 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. வகுப்புகளுக்கு வழிகாட்டும் கையேட்டை உருவாக்கிய படை மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டு, 1879இல் தென்னாப்பிரிக்காவில் சூலு நாட்டின் இசண்டல்வானா போரில் கொல்லப்பட்டார். 1882இல் ஜெருசலேமில் சபை கண் மருத்துவமனை ஒன்றை நிறுவியது; அது இன்றும் இயங்குகிறது. சீருடையணிந்த தொண்டர் படை 1887இல் உருவாயிற்று.

ஆஷ்ஃபோர்டு லிட்டர் எனப்படும் இரு சக்கரத் தள்ளுபடுக்கையைத் தேடிப் பாருங்கள். தூக்குபடுக்கைக்கு இருவர் தேவை. சக்கரம் வைத்ததால் ஒருவரே நோயாளியை நெடுந்தூரம் தள்ளிச் செல்ல முடிந்தது. முக்கோணக் கட்டுத்துணியில், கட்டும் முறைகளைப் படங்களாக அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள்: பாடம் மறந்துபோனால் கையில் உள்ள துணியே சொல்லிக்கொடுக்கும். முதலுதவி வகுப்புக்குச் சென்றவர்கள் கையைத் தொங்கவிடக் கட்டிய அதே முக்கோணம்தான் இது.

நேரம் மிச்சமிருந்தால்

கால் வலிக்கவில்லை என்றால், பத்து நிமிட நடையில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. 1371இல் கார்த்தூசியத் துறவியருக்காக நிறுவப்பட்ட சார்ட்டர்ஹவுஸ், துறவியர் போனபின் மாளிகையாகி, 1611 முதல் முதியோர் இல்லமாக இருந்துவருகிறது. அங்கேயும் சிறிய அருங்காட்சியகம் உண்டு. ஸ்மித்ஃபீல்டின் மறுபுறம் 1123இல் தோன்றிய செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது. காபிக் கடையில் நொடித்துப்போனவரின் மகன் வில்லியம் ஹோகார்த், அம்மருத்துவமனையின் படிக்கட்டுச் சுவர்களுக்கு 1730களில் கூலி வாங்காமல் பேரோவியங்கள் தீட்டிக் கொடுத்தார். இரண்டுக்கும் திறப்பு நாள்கள் வேறு வேறு. ஆகவே செயின்ட் ஜான்ஸ் கேட் சுற்றுக்கு முன்பதிவு செய்யும்போதே அவற்றையும் சேர்த்துப் பார்த்து நாள் குறித்துக்கொள்ளுங்கள்.